காரில் ஒலிக்கும் பெட்டி

பழைய கார் ஒன்றை விலை பேசச் செல்லும் நம்மவர்கள் என்ஜினின் ஓசையை உற்றுக் கேட்பார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். இதுவரை எத்தனை பேரிடம் கைமாறியது என்று ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார்கள். முன்பலகையில் பொருத்தப்பட்டுள்ள வானொலிப் பெட்டியை மட்டும் ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு, "பாடுகிறது, போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெட்டியைப் பற்றி விற்பவரிடம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதற்கு இரகசிய எண் இருக்கிறதா?"

காருடனேயே தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டிகள் பலவற்றில் திருட்டைத் தடுப்பதற்காக இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. பேட்டரியின் இணைப்பை ஒருமுறை கழற்றினாலே போதும். மீண்டும் மாட்டியதும் பெட்டி "கோட்" என்று கேட்கும். எண்ணைத் தராவிட்டால் வானொலியும் இல்லை, குறுந்தகடும் இல்லை. நினைவில் நிற்கும் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்போம் என்று பலமுறை முயன்றால் பெட்டி பூட்டிக்கொள்ளும். மறுபடி முயல்வதற்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். அந்த எண் காருடன் தரப்பட்ட சிறு அட்டையில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால், பெட்டியின் உடலில் ஒட்டப்பட்டுள்ள வரிசை எண்ணையும் காரின் உரிமைச் சான்றுகளையும் கொண்டுசென்று அந்நிறுவனத்தின் விற்பனையாளரிடம் பெற முயலலாம். காரை வாங்கும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது எளிது. குறித்த தாளைக் காருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். திருடனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

இன்று வெளிவரும் புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் தகடு நுழையும் வாயே கிடையாது. எனினும் 1990களிலும் 2000களிலும் வெளியான கார்கள் இன்னும் எத்தனையோ குடும்பங்களைச் சுமந்து செல்கின்றன. அவற்றின் பெட்டிகளைப் பற்றியே இக்கட்டுரை.

காரில் வானொலி என்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. 1930ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து பால் கால்வின் என்பவர் தம் காரில் ஒரு வானொலியைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலித் தொழிலதிபர்களின் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்று காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. 1952இல் ஜெர்மனியின் புளோபுங்க்ட் நிறுவனம் பண்பலை கேட்கும் கார் வானொலியைக் கொண்டுவந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடி உருவாக்கிய குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1984இல், அது காருக்குள்ளும் ஏறிவிட்டது.

பெட்டிக்கு உயிரூட்டும் கம்பிகள்

பெட்டியின் பின்புறம் பல வண்ணக் கம்பிகள் இருக்கும். தனியே வாங்கிப் பொருத்தும் பெட்டிகளில் மஞ்சள் கம்பி எந்நேரமும் பேட்டரியோடு தொடர்பு கொண்டிருப்பது. நீங்கள் பதிந்துவைத்த நிலையங்களையும் கடிகாரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுவே. சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறும். கறுப்பு, காரின் உடலோடு சேரும் கம்பி. இவ்வளவு தெரிந்திருந்தால் ஒரு நோயை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். காரை நிறுத்திச் சாவியை எடுக்குந்தோறும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுகிறதா? மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கக் கூடும். காரிலிருந்து வரும் கம்பிகளின் நிறம் காருக்குக் கார் மாறுபடுவதால் இத்தவறு அடிக்கடி நேர்கிறது. புதிய பெட்டி வாங்கத் தேவையில்லை. எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கம்பிகளை மாற்றிக்கொண்டால் போதும்.

சாவியை முதற்படிக்குத் திருப்பினால் என்ஜின் ஓடாமலே வானொலி பாடும். மருத்துவமனை வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ காத்திருக்கையில் இது வசதிதான். ஆனால் அப்போது செலவாவது பேட்டரியின் சேமிப்பு மட்டுமே. பழைய பேட்டரியாயின் ஓரிரு மணி நேரம் உரக்கக் கேட்டுவிட்டு, நள்ளிரவில் குழந்தைகளோடு புறப்படும் வேளையில் கார் கிளம்பாமற்போகலாம்.

நிலையங்களைப் பதிந்துவைத்தல்

வானொலியா, தகடா என்று மாற்றுவதற்கு ஒரு பொத்தான், அநேகமாக எஸ்.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். பேண்ட் என்னும் பொத்தான் எஃப்.எம். 1, 2, 3 என்றும் பிறகு ஏ.எம். என்றும் மாறும். மூன்று எஃப்.எம். என்பதைக் கண்டு மூன்றுவிதமான அலைகள் என்று எண்ண வேண்டாம். அலை ஒன்றே, ஆறாறு நிலையங்களைப் பதிவதற்கான மூன்று ஏடுகள் அவை.

ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்ட பொத்தான்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விருப்பமான நிலையம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஓர் எண்ணை இரண்டு மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அந்நிலையம் அவ்வெண்ணில் பதிவாகும். பிறகு தொட்டுவிட்டால் போதும், அது வரும். பதிந்த நிலையத்தை அழைக்க நினைத்து நெடுநேரம் அழுத்தினால், அப்போது ஒலிக்கும் வேறொன்று அங்கே குடியேறிவிடும். ஏ.எஸ்.டி. என்பதை அழுத்தினால், வலுவாகக் கிடைக்கும் ஆறு நிலையங்களைப் பெட்டி தானே தேடிப் பதிந்துகொள்ளும். வெளியூர் சென்றதும் இது கைகொடுக்கும். ஒன்றை மறவாதீர்கள்: அந்த ஏட்டில் நீங்கள் முன்பு பதிந்தவை அழிந்துபோகும். ஆகவே உள்ளூர் நிலையங்களை முதல் ஏட்டிலும், தானியங்கிப் பதிவை மூன்றாம் ஏட்டிலும் வைத்துக்கொள்வது நலம்.

இனி வளைகுடாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த பெட்டிகளைப் பற்றிக் கூற வேண்டும். சவூதியிலோ துபையிலோ இருந்து திரும்பும் மச்சான் ஆசையாய் ஒரு பெட்டியை வாங்கி வந்து, ஊரில் அது சரியாகப் பாடவில்லை என்று எத்தனை வீடுகளில் மனக்குறை! பெட்டி பழுதானதன்று. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்காவில் இடைவெளி 10. அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட பெட்டி பத்துப் பத்தாகவே தாவும். சென்னை வானொலியின் பெயரோடு நெடுங்காலம் இணைந்திருந்த 720 என்னும் எண் ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும். எனவே அப்பெட்டியிலும் அது தெளிவாய்க் கேட்டது. திருச்சி நிலையத்தின் 936 அவ்வாறன்று. பெட்டி 930இலோ 940இலோ நிற்கும், 936இல் நில்லாது. பண்பலையிலும் இதே கதைதான். அமெரிக்க முறையில் 101.3, 101.5 என்று ஒற்றைப்படைத் தசமங்களே வரும், 101.4 வாராது. பல பெட்டிகளில் நாட்டை மாற்றும் அமைப்பு உண்டு. சில பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியோ, பெட்டியின் அடியிலுள்ள சிறு விசையை நகர்த்தியோ மாற்றலாம். கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

இலங்கை வாசகர்களின் தொல்லை வேறுவகை. அங்கே ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் ஏராளம். ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய ஜப்பானியப் பெட்டிகள் 90உடன் நின்றுவிடும். இலங்கையிலும் இந்தியாவிலும் நிலையங்கள் இருப்பதோ 88 முதல் 108 வரை. அதனால்தான் அந்தக் கார்களில் ஓரிரு நிலையங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. இதற்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்னும் சிறு கருவி உண்டு. ஆண்டெனாக் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே அதை மாட்டுவார்கள். வரும் அலையை அது கீழிறக்கித் தரும். 14 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் கருவியாயின், 100.0இல் உள்ள நிலையம் பெட்டியில் 86.0 என்று தெரியும். எண்ணைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. கழித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

தகட்டைப் பேணுதல்

குறுந்தகட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் கதிர் அதைக் கீழிருந்து படிக்கிறது. அதுவும் இசைத்தட்டைப்போல் ஓரத்திலிருந்து அன்று, நடுவிலிருந்து வெளிநோக்கி. பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து, எழுத்துள்ள மேற்பக்கத்தை மேசையில் தேய்ப்பவர்கள் பலர். உண்மையில் ஒலி பதிந்திருக்கும் படலம் அந்த எழுத்துகளுக்குச் சற்றே கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியும். மேற்பக்கக் கீறல் படலத்தையே கிழித்துவிட்டால் மருந்து கிடையாது.

துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், தட்டைச் சுழற்றித் துடைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பதிவுத் தடத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை விட்டுப்போனதைக் கணக்கிட்டு நிரப்பும் ஏற்பாடு தகட்டில் இருக்கிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் மயிரிழையளவே தொடுகிறது. வட்டமாய் விழும் கீறலோ ஒரே தடத்தை நெடுந்தூரம் அழித்துவிடுகிறது.

வெயிலில் பூட்டிய காரின் முன்பலகையில் தகட்டை விட்டுச் சென்றால் அது வளைந்துவிடும். வீட்டுக் கணினியில் பதிந்த தகடுகளோ ஒளியிலும் வெப்பத்திலும் நிறச்சாயம் மங்கி, ஒருநாள் ஊமையாகிவிடும். தாள் ஒட்டிய தகட்டைக் காரில் போடவே கூடாது. வெப்பத்தில் பசை இளகித் தாள் உரிந்து உள்ளே சிக்கும். எட்டு சென்டிமீட்டர் சிறு தகடும் இப்பெட்டிகளுக்கு உரியதன்று. எம்.பி.3 தகடுகளைப் படிக்கும் திறன் இருந்தால் பெட்டியின் முகப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் சாதாரண ஒலித்தகடாகப் பதிந்து தருமாறு கேளுங்கள். மழைக்காலக் காலையில் "எர்ரர்" என்று காட்டினால் பெரும்பாலும் உள்ளே வில்லையில் பனித்திவலை படிந்திருக்கும். தகட்டை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள், தானே சரியாகும்.

ஓட்டுபவர் கையும் கண்ணும்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. நிலையத்தின் எண்ணைப் பார்க்க இரண்டே விநாடி தலைகுனிந்தால் 33 மீட்டர் தூரம் யாருமே பாதையைப் பார்க்கவில்லை என்று பொருள். அந்த 33 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். கார் வானொலி தோன்றிய காலத்திலேயே, இது ஓட்டுபவரின் கவனத்தைக் கலைக்கும், தடை செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் சிலர் வாதாடினார்கள். தடை வரவில்லை, ஆனால் அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. கீழே விழுந்த தகட்டை ஓட்டியபடியே குனிந்து எடுப்பதைவிட ஆபத்தான காரியம் காருக்குள் அதிகமில்லை. புறப்படுமுன்பே நிலையத்தையோ தகட்டையோ தேர்ந்துவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டுமானால் அருகில் இருப்பவர் மாற்றட்டும். வாப்பா ஓட்டும்போது அந்தப் பொறுப்பை முன்னிருக்கையில் அமர்ந்த உம்மாவிடமோ பெரிய பிள்ளையிடமோ ஒப்படைத்துவிடலாம். தனியே செல்பவர் ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றிக்கொள்ளட்டும்.

ஒலியின் அளவும் பாதுகாப்பைச் சேர்ந்ததே. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஓசை காதில் விழாத அளவுக்கு எந்த கிராஅத்தும், எந்த நாகூர் ஹனீபா பாடலும் ஒலிக்க வேண்டியதில்லை. பின்னிருக்கையில் கைக்குழந்தை உறங்குகிறதா? ஃபேடர் என்னும் அமைப்பை முன்பக்கம் நகர்த்துங்கள். பின் ஒலிபெருக்கிகள் அடங்கி, முன்னிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். இதை அறியாமல் எத்தனையோ வீடுகளில் பாட்டனாருக்கும் பேரனுக்கும் காரில் சண்டை நடக்கிறது!

தகடு சிக்கிக்கொண்டால்

வெளியேற்றும் பொத்தானுக்குத் தகடு வரவில்லையென்றால் முதலில் பெட்டியை அணைத்துச் சாவியை எடுங்கள். சில நிமிடம் கழித்து மீண்டும் முயலுங்கள். பிறகு அதே பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில பெட்டிகள் இதற்கு இணங்கும். முகப்பைக் கழற்றக்கூடிய பெட்டியாயின் உள்ளே ரீசெட் என்னும் சிறு துளை இருக்கும். பேனா முனையால் மெல்ல அழுத்தலாம். நிலையப் பதிவுகள் போய்விடும், பெட்டி பிழைக்கும். இவ்வளவுக்கும் இணங்காவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். கத்தி, ஸ்கேல், இடுக்கி எதையும் வாயில் நுழைக்க வேண்டாம். லேசர் வில்லை ஒரு கீறலில் பாழாகிவிடும். சிறுவர்கள் அதனுள் இரண்டாம் தகட்டையோ நாணயத்தையோ செருகியிருக்கிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் தகடு சிக்கினால் வேறொன்று வாங்கலாம். ஆனால் நம் வீடுகளில் வேறுவகைத் தகடுகளும் உண்டு. தொலைபேசிக் கட்டணம் எட்டாத காலத்தில், வளைகுடாவில் இருந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். ஊரிலிருந்து உம்மாவும் பிள்ளைகளும் பேசிப் பதில் அனுப்பினார்கள். அவற்றுட் சில பிற்காலத்தில் குறுந்தகட்டில் ஏற்றப்பட்டு, இன்றும் காரின் கையறையில் கிடக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதைக் காரில் போடாதீர்கள். தகடு படிக்கும் கணினி உள்ள ஒருவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைக் காரில் கேளுங்கள். மூலத்தை உறையிலிட்டு, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பிரதி எடுக்கும் வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள். கணினிகளிலும் தகடு நுழையும் வாய் மறைந்து வருகிறது.