போர் எச்சங்களும் அவற்றைக் காக்கும் முறையும்

லவ்டேலை உள்ளிட்ட நீலகிரி மலைநாடு 1799-ஆம் ஆண்டுவரை மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். இம்மலையும் கும்பினியார் வசமாயிற்று. ஆதலின், அப்போரின் எச்சப் பொருள்கள் எவ்வாறு ஆயின என்பதை அறிதல் இம்மலையில் வாழும் நமக்கு உரியதேயாம்.

வென்றோர் தோற்றோர் பொருளைக் கொணர்ந்து காட்சியாக நிறுத்துதல் புதிதன்று. முதலாம் இராசாதிராச சோழன் பதினோராம் நூற்றாண்டில் சாளுக்கியரது கலியாணபுரத்தை எறிந்து, ஆங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைக் கொணர்ந்தான். அச்செய்தி அச்சிலையிலேயே பொறிக்கப்பெற்றுள்ளது. இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் அதனைக் காண்போர் அவ்வெழுத்தாலேயே அதன் வரலாற்றை உணர்கின்றனர். எழுத்து இல்லையேல், அது மற்றுமொரு வாயிற்காவலர் சிலையாகவே நின்றிருக்கும்.

திப்புவின் அரியணைக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. கொள்ளைப் பொருளைப் பங்கிட அமர்த்தப்பட்ட அதிகாரிகள் அதனைத் துண்டாக்கினர். பொற்புலித் தலையும், மணிகள் பதித்த ஹுமாப் பறவையும் ஆங்கில அரச குடும்பத்தை அடைந்தன. ஏனைய உறுப்புக்கள் பல கைகளிற் சிதறின. ஐரோப்பியன் ஒருவனைப் புலி கௌவுவதாக அமைந்த மரப்பொறியோ உடைபடாமல் இலண்டன் சேர்ந்தது. 1808 முதல் கும்பினி மாளிகையில் வெற்றிச் சின்னமாக நின்ற அது, இன்று விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. அதனைக் கண்ணாற் காணலாம். அரியணையின் முழு வடிவையோ பழைய ஓவியங்களைக் கொண்டு ஊகித்தலே கூடும்.

முறையாகத் தேடினால் வரும் பயனுக்கும் சான்று உண்டு. 2018-இல் கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தைச் சார்ந்த நகரா என்னும் ஊரில், பாழ்ங்கிணறொன்றின் மண்ணில் வெடிமருந்து நாற்றம் இருப்பது கண்டு, தொல்பொருள் துறையினர் அதனை அகழ்ந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு வாணங்கள் வெளிப்பட்டன. வாணமாவது, இரும்புக் குழலில் மருந்தை அடைத்து, மூங்கிற்கழியோடு பிணைத்து எய்யப்படும் படைக்கலம். தனித்துக் கிடைத்த ஒரு குழல் இரும்பெனவே கழிக்கப்படும். கிடைத்த இடத்தோடு சேர்ந்த ஆயிரமோ, ஓர் அரசின் படைக்கலச் சேமிப்பையே காட்டும்.

ஆகவே, தோட்டத்திலோ மலைச்சரிவிலோ பழைய குண்டோ வாளோ தென்படின், அதனைத் தேய்த்துத் துலக்குதல் வேண்டா; துருவோடு அதன் மேற்பரப்பும் அழியும். மருந்து எஞ்சியிருத்தலும் கூடுமாதலின், தீண்டாது விடுதலே நன்று. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்சியாளர்க்கு அறிவித்தல் வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவித்தல் கடன் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் விதி.

வெற்றியைப் பறைசாற்றக் கொணர்ந்த பொருளும், இடமும் காலமும் எழுதப்பெறின், இரு திறத்தார்க்கும் பொதுச் சான்றாகும். அவ்வெழுத்தைக் காத்தலே பொருளைக் காத்தலாம்.