பத்துப் பேர் கூடினால்



எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில், மாலை ஜெபக்கூட்டத்தின்போது, இறைவாக்கை வாசிக்கும்படி ஒரு தாயிடம் விவிலியத்தை நீட்டினேன். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி அவர்; எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நமக்கெல்லாம் வராதுங்க சாமி, மாஸ்டரையே வாசிக்கச் சொல்லுங்க" என்றார். லயத்து இஸ்தோப்பில் கூடியிருந்த எவரும் அதை வியப்பாகக் கருதவில்லை. எனக்கோ ஒரு சொல் உறுத்தியது. 'எனக்கு வராது' என்று அவர் கூறவில்லை. 'நமக்கு' என்றார்.

இந்த 'நமக்கு' எங்கிருந்து வந்தது என்பதைச் சப்ரகமுவ மலைகளில் வாழும் நீங்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. இரவோடிரவாகக் காட்டுக்குள் ஓடியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனை காலம் பிறர் ஐயத்தோடு பார்த்த ஒரு மக்கள், தம்மையும் ஐயத்தோடு பார்க்கப் பழகியதில் என்ன வியப்பு? ஆகவே, 'தன்னம்பிக்கை கொள்ளுங்கள்' என்று மேடையில் முழங்கிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்றே எரிச்சல் வருவதுண்டு. குருக்களாகிய நாங்களும் அதற்கு விலக்கல்ல.

இந்த நோயை நன்கறிந்த மற்றொரு மக்கள் யூதர்கள். அவர்களது முதல் தலைவரே தம்மை நம்பாதவர். எரியும் முட்புதரின் முன் மோசே அடுக்கிய மறுப்புகளை விடுதலைப் பயண நூலின் 3, 4ஆம் அதிகாரங்களில் வாசித்துப் பாருங்கள். தாம் யார், எந்தத் தகுதியில் பார்வோனிடம் செல்வது என்று அவர் கேட்டபோது, ஆண்டவர் அவருடைய திறமைகளைப் பட்டியலிடவில்லை. தாம் உடனிருப்பதாக மட்டும் வாக்களித்தார். திக்குவாயைக் காரணம் காட்டியபோது, அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தந்தார். வாய் திருந்தியதாக விவிலியத்தில் எங்கும் இல்லை. பக்கத்தில் ஆள் கிடைத்தார்.

நெகேமியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவுக்குப் பானம் பரிமாறிய அவர், கி.மு. 445 அளவில் எருசலேமுக்கு வந்தபோது மதில் இடிபாடாய்க் கிடந்தது. வேலை தொடங்கியதும் சன்பலாற்றும் தோபியாவும் கேலி பேசினார்கள். ஒரு நரி ஏறினாலே இந்தச் சுவர் சரிந்துவிடும் என்று நகைத்தார்கள். கேலி வெளியிலிருந்து வந்தவரையில் மக்கள் கல் சுமந்தார்கள். சுவர் பாதி உயரம் எழுந்தபின், யூதாவின் மக்களே சோர்ந்துபோய், சுமப்போரின் வலு குறைந்துவிட்டது, இடிபாடோ மிகுதி, இது நம்மால் ஆகாது என்றார்கள். பகைவன் சொன்னதை இப்போது தம் வாயாலேயே சொன்னார்கள். லயத்து இஸ்தோப்பில் நான் கேட்ட 'நமக்கு' அதுவே.

நெகேமியா என்ன செய்தார்? ஜெபித்தார், காவலும் வைத்தார். குடும்பம் குடும்பமாக நிறுத்தி, பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியையே ஒப்படைத்தார். முழு மதிலையும் எண்ணி மலைத்தவனுக்குத் தன் வாசலுக்கு எதிரே பத்து முழம் கட்ட முடியும் அல்லவா? பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் கொத்து வேலைக்கு வந்தார்கள். ஒருவர் தம் புதல்வியரோடு வந்து கட்டினார். ஐம்பத்திரண்டு நாள்களில் மதில் முடிந்தது.

இவ்விடத்தில் பல மறையுரைகள் நின்றுவிடுகின்றன. ஐந்தாம் அதிகாரத்தை எட்டுவதில்லை. மதில் எழுந்துகொண்டிருந்த அந்த நாள்களிலேயே ஏழைகளின் ஓலம் கேட்டது: பஞ்சத்துக்கு வயலை அடகு வைத்தோம், வரிக்குக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாக விடுகிறோம் என்று. கடன் கொடுத்தவர்களும் யூதர்களே. நெகேமியா கொதித்தெழுந்து, சபையைக் கூட்டி, வட்டியை விடவும் வயல்களைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தார். நகைக்கடை அடகுச் சீட்டும் குழுக்கடன் தவணையும் தலையணைக்கடியில் இருக்கிற வீட்டில், விசுவாசத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பும் குருவானவர் இந்த அதிகாரத்தை ஒருமுறை முழந்தாளிட்டு வாசிக்க வேண்டும். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய ஏற்பாட்டுக் காலம் வேறு, நம் காலம் வேறு என்பீர்களானால், கடல் கடந்து கொச்சிக்கு வாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இடம் இருக்கவில்லை. அந்த மரபில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். எர்ணாகுளத்தில் வழக்கறிஞராக உயர்ந்தவருக்கும் தொழுகைக்கூடத்தில் அதே நிலைதான். அவர் கடவுளை விட்டு ஓடவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்றே அவரை அழைத்தார்கள்.

இஸ்ரயேலில் குடியேற விரும்பிய கொச்சி யூதர்களுக்காகப் பேச 1953இல் அங்கு சென்றவரும் அவரே. யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் அந்நாட்டு அதிகாரிகள் அவர்களது வருகையைத் தாமதப்படுத்தியிருந்தார்கள். சொந்த மக்களிடமே 'நோய் கொண்டுவருவோர்' என்று பெயர் வாங்குவதன் வேதனையை எண்ணிப் பாருங்கள். ஆயினும் 1950களின் நடுவில் சென்று சேர்ந்தார்கள். பெரியாற்றங்கரையின் ஈரத்தில் வளர்ந்த வணிகர்களுக்கு நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் முதலிய இடங்களில் வறண்ட மண் கிடைத்தது. அதில் அவர்கள் மலர் வளர்த்தார்கள்! சேந்தமங்கலத்திலிருந்து 1955இல் சென்ற எலியாகு பெசலேல் என்பவர் அப்பாலை நிலத்தில் ரோஜா பயிரிட்டு ஏற்றுமதி செய்து, 2006இல் இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதைப் பெற்றார். அந்நாட்டின் போரும் அதனால் பலஸ்தீன மக்கள் படும் துயரும் வேறொரு கதை. அதை நான் மறக்கவில்லை. இங்கே பேசுவது, தகுதியற்றோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றாக நின்ற விதத்தைப் பற்றி.

யூத வழக்கத்தில், பொதுவழிபாட்டின் சில மன்றாட்டுகளைச் சொல்லப் பத்துப் பேர் கூடவேண்டும். மரபுப்படி பதின்மூன்று வயது நிறைந்த ஆண்களே கணக்கில் சேருவர். பேரறிஞர் ஒன்பது பேர் இருந்தாலும் போதாது. பத்தாவதாக வருபவர் செருப்புத் தைப்பவராயினும் அவர் வந்தால்தான் ஜெபம் தொடங்கும். 'நான் எதற்கு உதவுவேன்' என்று வீட்டில் இருந்துவிட்டவனைத் தேடி ஆள் வருவார்கள். ஊர் அவனுக்காகக் காத்திருக்கிறது. இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது. நம் அன்பியங்களில் வழக்கமாக வாசிப்பவரே வாசிக்க, பாடுபவரே பாட, மற்றவர் சுவரோரம் அமர்ந்திருக்கும்வரை, நாம் அந்தப் பத்தாவது ஆளைத் தேடவில்லை என்றே பொருள்.

எட்டியாந்தோட்டைத் தாயிடம் நான் விவிலியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய மகளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன், ஆரோனைப் போல. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை இருவருமாக, பெயர்களில் தடுக்கித் தடுக்கி வாசித்தார்கள். வாய்க்குள் நுழையாத பெயர்களில் மகள் சிரித்தாள், கூட்டமும் சிரித்தது. சல்லூமும் அவருடைய புதல்வியரும் மதிலைப் பழுதுபார்த்த வரி வந்தபோது அந்தத் தாய் நிறுத்தினார்.

"அப்பன் பேரு மட்டும் போட்டிருக்கு. அந்தப் புள்ளைங்க பேர ஏன் சாமி எழுதல?"

என்னிடம் விடை இல்லை. மாஸ்டரும் பேசவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போனார்.