கீரைச் சத்தும் உயிரணுவும்

லேக் மார்க்கெட்டில் பாலங் ஷாக் வாங்கும்போது “சத்து இருக்கு” என்கிறோமே, அச்சத்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம். 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாலு டன் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள்.

உடலுக்குள் இது டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற துணைநொதியாகிறது. அதன் வேலை சுமைகூலியின் வேலைதான்: ஒற்றைக் கார்பனை ஓரிடத்தில் ஏற்றி, இன்னோரிடத்தில் இறக்கும். அது வராவிட்டால் டி.என்.ஏ.வுக்கான தைமின் உருவாகாது, உயிரணு பெருகாது. ஓயாமல் பெருகும் எலும்பு மஜ்ஜை முதலில் தடுமாறும், சோகை வரும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில், லெடர்லி ஆய்வுக்கூடம் 1945-இல் இதைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கேயே உருவான எதிர்மருந்து அமினோப்டெரின், ஃபோலேட்டின் வேலையைத் தடுத்து, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் தந்ததாக 1948-இல் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். கொடுத்தாலும் மருந்து, தடுத்தாலும் மருந்து!

கருவின் நரம்புக்குழாய் சுமார் 28 நாளில் மூடிவிடும். தாய்க்கே அப்போது தெரிந்திருக்காது. கீரை வெந்த நீரைக் கொட்டினால் சத்தும் போச்சு. எனவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் நம் பெண்கள், முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு, தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்குவது நல்லது.