வாக்குரிமையும் மலைநாடும்

ஏட்டில் எழுதிய வாக்குரிமை மட்டுமே குடியாட்சியாகுமோ? இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அமெரிக்கத் தென்மாநிலங்களில் சட்டம் கறுப்பினத்தார்க்கு அளித்திருந்த வாக்கைத் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் தடுத்தன. 1931இல் இலங்கையின் டொனமூர் அரசியலமைப்போ எழுத்தறிவு கேளாது ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வாக்களித்தது. எனினும் இந்திய வழியினர்க்கு நிலைக்குடி நிபந்தனை விதிக்கப்பட்டது. நோர்வூட் போன்ற இடங்களைச் சூழ்ந்த தோட்டங்கள் தனியார் நிலமாதலின், தொழிலாளர் கூடிப் பேசவும் தடையிருந்தது. அத்தடையை எதிர்த்துக் கோ. நடேசய்யர் சங்கம் வளர்த்தார். மீனாட்சியம்மையார் பாட்டால் மக்களைத் திரட்டினார். 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. ஆயின் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் நீக்கின. எஞ்சியோர் 2003 வரை காத்திருந்தனர். அங்கே வாக்குச்சாவடியின் வாயிலை அடைத்தனர். இங்கே வாக்காளரையே குடிமக்கள் அல்லர் என்றனர். வழி அடைபட்டவிடத்து உரிமை வெறும் எழுத்தேயாம்.