புற்றுநோயின் பதுக்கல் களஞ்சியம்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டுவிட்டால், "எண்ணெயையும் நெய்யையும் நிறுத்துங்கள், கட்டி பட்டினியால் மாளும்" என்று உபதேசிப்போர் பலர். இவ்வுபதேசத்தை வேதவாக்காகக் கொண்டு, இருக்கின்ற தேகபலத்தையும் இழந்துவிடும் நோயாளிகள் உண்டு. உயிர் சம்பந்தமான இவ்விஷயத்தில் ஊர்ப்பேச்சு ஒன்றையே துணையாகக் கொள்வது தகாது. ஆகையால், புற்றணுவுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவைப் பற்றிச் சாஸ்திரம் கூறுவதை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நமது தேகத்தின் உயிரணுக்கள் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகத் தம்முள் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு துளியையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. அவ்வுறையின்மேல் சில புரதங்கள் காவலாளரைப் போல் நின்று, கொழுப்பு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் ஒழுங்கு செய்கின்றன. இது இயற்கையின் நியாயமான ஏற்பாடு. இந்த ஏற்பாட்டையே புற்றணு தன் சுயநலத்துக்கு உபயோகித்துக்கொள்கிறது.

சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே வகையைச் சார்ந்தவை. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அவற்றின் அணுக்கள் உள்ளே ஒன்றுமில்லாதவைபோல் வெளுத்துத் தோன்றும். உண்மையில் அவை வெறும் கூடுகளல்ல. கொழுப்பும் கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளும் நிறைந்தவை. சோதனைக்காகச் சதைத் துணுக்கைப் பக்குவம் செய்யும்போது, ஆல்கஹால் முதலிய திரவங்களில் அக்கொழுப்பு கரைந்து போய்விடுகிறது, எஞ்சுவது வெற்றிடமே. 1883-ம் வருஷத்தில் ஜெர்மானிய நிபுணர் பால் கிராவிட்ஸ், இக்கட்டிகளில் கொழுப்பு மிகுந்திருப்பதைக் கவனித்தார். ஆயினும் அதன் காரணத்தை வேறுவிதமாக ஊகித்துவிட்டார். சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பியிலும் கொழுப்பு மிகுதியாதலால், அச்சுரப்பியின் துணுக்குகள் சிறுநீரகத்தில் சிக்கிக் கட்டியாயின என்று கருதினார். இக்கட்டிகள் சிறுநீரகத்தின் சொந்த அணுக்களிலிருந்தே பிறக்கின்றன என்பதற்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் சாட்சியம் 1960-ல்தான் கிடைத்தது. அப்படியாயின் சிறுநீரக அணுவுக்கு இத்தனை கொழுப்பு ஏன்?

விடை கிடைக்க இன்னும் முப்பது வருஷத்திற்கு மேலாயிற்று. வி.எச்.எல். என்னும் மரபணு 1993-ல் கண்டறியப்பட்டது. பிராணவாயு போதிய அளவு உள்ளபோது, எச்.ஐ.எஃப். என்னும் புரதத்தை அழிக்கச் செய்வது இம்மரபணுவின் கடமை. பிராணவாயு குறைந்தால் மாத்திரமே எச்.ஐ.எஃப். நிலைத்து நின்று, பஞ்சகால உத்தரவுகளைப் பிறப்பிக்கும். இந்த ஏற்பாட்டை விளக்கியதற்காகவே கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மேற்கூறிய சிறுநீரகப் புற்றில் பெரும்பாலும் வி.எச்.எல். சிதைந்து போயிருக்கிறது. ஆகவே பிராணவாயு இருக்கும்போதே பஞ்சகால உத்தரவுகள் ஓயாமல் நடக்கின்றன. பஞ்சமில்லாத ஊரில் பஞ்சமென்று பொய்ப்பறை அறைந்து, தானியத்தைப் பதுக்கும் வியாபாரியின் செய்கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொழுப்பை எரிப்பதற்கு உதவும் ஒரு புரதத்தை எச்.ஐ.எஃப். அடக்கிவிடுகிறது என்று 2017-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. எரிப்பது குறைகிறது, சேர்ப்பது பெருகுகிறது.

இச்சேமிப்பு பிற்கால உணவுக்கு மாத்திரம் என்று எண்ணிவிடலாகாது. எண்ணெய் குடத்தில் இருக்கும்வரை வீட்டுக்குச் செல்வம். தரையிற் கொட்டினாலோ ஒரு பொறிக்கு வீடே இரையாகும். அதுபோல, கொழுப்பு அமிலங்கள் அளவுமீறிக் கட்டற்று உலவினால் அணுவுக்கு நஞ்சாகும். துளிக்குள் அடைத்து வைத்தால் அந்த அபாயம் நீங்குகிறது. துளியின் காவல் புரதங்களுள் ஒன்றான பெரிலிப்பின்-2 இச்சிறுநீரகப் புற்றணுக்களில் மிகுந்திருப்பதையும், அதைக் குறைத்தால் அணுவின் உள் உறுப்புக்கள் நெருக்கடிக்குள்ளாகி அணுவே மடிவதையும், 2015-ல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பதுக்கல் களஞ்சியமே பகைவனின் கோட்டையாகவும் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

அதே பொய்ப்பறையை அடக்கும் மருந்தும் வந்துவிட்டது. எச்.ஐ.எஃப். வகையில் இரண்டாவதைத் தடுக்கும் பெல்ஸூடிஃபான் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க அதிகாரிகள் 2021-ல், பரம்பரையாக வரும் வி.எச்.எல். நோய்க்கட்டிகளுக்காக அனுமதியளித்தனர். வேறு சிகிச்சைகளுக்குப் பின்னும் முற்றி நிற்கும் சிறுநீரகப் புற்றுக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. எச்.ஐ.எஃப். இடும் உத்தரவுகள் பல. கொழுப்புச் சேமிப்பு அவற்றுள் ஒன்று. ஆகவே மருந்தின் பலன் முழுவதும் கொழுப்பைத் தடுத்ததனால் விளைந்ததென்று நாம் கூறவில்லை.

நிற்க. நாம் ஆரம்பத்தில் குறித்த உபதேசத்திற்குத் திரும்புவோம். புற்றணு இரத்தத்திலிருந்து கொழுப்பை உறிஞ்சவும் வல்லது. தானே செய்துகொள்ளவும் வல்லது. நோயாளி பட்டினி கிடந்தாலோ, அவருடைய தேகத்தில் உள்ள கொழுப்பே உருகி இரத்தத்தில் கலக்கிறது. வற்றுவது நோயாளியின் தசையும் பலமுமே. ரண சிகிச்சையையும் மருந்தையும் தாங்க வேண்டியவர் அவரல்லவா?

இதனால் அளவின்றி உண்ணலாம் என்று எவரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மிதமிஞ்சிய உடற்பருமனும், புகை பிடித்தலும், உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகப் புற்றுக்கு இடந்தருவன. நோய் வருமுன் காக்க இவற்றை விலக்குவது அறிவுடைமை. வந்தபின் உணவைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதை வைத்தியரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தேச சேவையில் ஊர் ஊராகச் செல்லும் நண்பர்கள் இவ்வொரு செய்தியையும் உடன் கொண்டு செல்வார்களாக: நோயாளியின் இலையைக் காலி செய்வதனால் நோயின் களஞ்சியம் காலியாகிவிடாது.