உமிழ்நீர் சொல்லும் கதை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடம் எழும் இடத்தில் தகரக் கொட்டகைகளும் முளைக்கின்றன. கட்டட வேலை முடிந்ததும் அங்கிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள் அடுத்த இடத்துக்கு நகர்கின்றன. அந்தப் பிள்ளைகள் பாடத்தில் தடுமாறினால் ‘மந்தம்’ என்று முத்திரை குத்துவது அநியாயம்; அந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் உடலின் பதற்றமும் இருக்கலாம். பயமோ ஓயாத சத்தமோ தாக்கும்போது, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அரை மணி நேரத்துக்குள் அது உமிழ்நீரில் உச்சம் தொடும். வாயில் ஒரு பஞ்சுத் துண்டை ஒற்றி எடுத்தால் போதும், அளந்துவிடலாம். மைசூரில் 1997-98இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த பார்த்தினான் ஆய்வு, அவர்கள் வளரிளம் பருவத்தை எட்டியபோது, முன்பின் அறியாதவர் எதிரே பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்து இதை அளந்தது.

சிறிது நேரக் கார்ட்டிசோல் கவனத்தைக் கூர்மையாக்கும். தேர்வுப் படபடப்பு அப்படிப்பட்டதுதான். கார்ட்டிசோல் மாதக்கணக்கில் உயர்ந்தே நீடித்தால், கணக்கின் அடுத்த படியை நினைவில் பிடித்துவைக்கும் முன்மூளை தளர்கிறது. அமெரிக்காவில் கிளான்சி பிளேர் குழுவினர் 1,292 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து, 2011இல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டிசோல் கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்று வயதில் இப்படி நினைவில் பிடித்துவைக்கும் திறன் குறைந்திருந்தது. வறுமையும் ஊட்டக்குறைவும் போதாதா, ஹார்மோனை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் அதே ஆய்வில், குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனே முகம் கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் கார்ட்டிசோல் குறைவாகவே இருந்தது. ஆகவே, தாய் வேலையில் இருக்கும் நேரத்திலும் பிள்ளைக்கு அப்படி முகம் கொடுக்க ஒருவர் இருக்க, கட்டுமான இடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகமும், தினமும் மாறாத ஒரே ஆயாவும் வேண்டும் என்பதை நான் மூளை வளர்ச்சிக்கான கோரிக்கையாகவே வைக்கிறேன்.