மோர், லெஸ், பிஃப்: கணினிக் கட்டளைகளின் குறும்புப் பெயர்கள்

கணினிக் கட்டளை என்றாலே வறண்ட சமாச்சாரம் என்று நினைக்கிறோம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கட்டளைகளுக்குப் பெயர் வைத்தவர்களோ பெரிய குறும்புக்காரர்கள்.

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது 'மோர்'. குடிக்கிற மோர் அல்ல. நீளமான கோப்பைத் திரை திரையாகக் காட்டும் கட்டளை. 'இன்னும் இருக்கிறது' என்ற பொருளில் திரையின் அடியில் 'மோர்' என்று காட்டி நிற்கும். ஆனால் தாண்டிவந்த பக்கத்துக்குத் திரும்ப அன்று அதில் வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1980-களில் மார்க் நுடல்மன் ஒரு நிரல் எழுதினார். 'லெஸ் இஸ் மோர்' (குறைவே நிறைவு) என்ற ஆங்கிலச் சொலவடையை வைத்து அதற்கு 'லெஸ்' என்று பெயர் வந்தது. பெயர்தான் குறைவு, வேலையில் மோரைவிடக் கெட்டி!

புது மின்னஞ்சல் வந்தால் தெரிவிக்கும் பெர்க்லி கட்டளை 'பிஃப்'. அது அங்கே பலருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர். தபால்காரரைக் கண்டால் குரைக்கும் என்பதால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உலவியது. நாயை வளர்த்தவரே அதை மறுத்துவிட்டார்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதியது 'பிங்'. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலிதான் அந்தப் பெயர். எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா, எத்தனை மில்லி நொடியில் தருகிறது என்று அது சொல்லும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இன்றும் அந்தக் கட்டளை உண்டு.